கூரைத் தண்ணிக்கு ஒரு வழி விடுங்கள்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் நமக்கெல்லாம் எத்தனை கவலை! துணி காயவில்லை, குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, பருப்பு டப்பாவில் பூசணம். இந்தக் கவலைகளுக்கு நடுவே தலையை அண்ணாந்து கூரை விளிம்பைப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் சகோதரிகளே, சுவர் ஈரத்துக்கும், குழந்தையின் இருமலுக்கும், பகல் வேளையில் கடிக்கிற கொசுவுக்கும் பல வீடுகளில் காரணம் அங்கேதான் இருக்கிறது.

நான் சொல்வது ஓட்டுச் சாய்ப்பு, சிமெண்ட் ஷீட் இவற்றின் நுனியில் மழைத்தண்ணியை ஏந்திக்கொள்ள வைத்திருக்கிறோமே, அந்தத் தகர வாய்க்காலைப் பற்றி. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதைப் பீலி என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, வேலை ஒன்றுதான். கூரையில் விழுந்த தண்ணியைச் சுவரில் படாமல், அஸ்திவாரத்தைத் தோண்டாமல், ஒழுங்காகக் கீழே கொண்டுபோய் விட வேண்டும்.

எவ்வளவு தண்ணி என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடிக் கூரை என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர். நம் கடலூர்ப் பக்கம் புயல் சின்னம் வந்தால் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது சாதாரணம். அப்படிப் பெய்தால் அந்தக் கூரையிலிருந்து இறங்குவது 9,000 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தில் அறுநூறு குடம்! 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு எத்தனை குடம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இத்தனையும் ஒரு மாவிலை அடைத்த ஓட்டை வழியாகப் போக வேண்டுமென்றால் நடக்கிற காரியமா?

மேட்டு வீடும் மர நிழலும்

கடலூரில் கேப்பர் மலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மலை என்று பெயரே தவிர, உயரமான செம்மண் மேடுதான். பூமி சாஸ்திரக்காரர்கள் 'கடலூர் மணற்கல்' என்று நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிற பாறை இந்தப் பகுதியினுடையது. மேலே செம்மண், சரிவு, அதில் முந்திரியும் மாவும் பலாவும். நிழலுக்குக் கேட்கவே வேண்டாம். என் நாத்தனார் வீடு அந்தச் சரிவில்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்து வர மனசு வராது.

ஆனால் மழைக்காலத்தில் அந்த வீட்டின் பாடு வேறு. மேட்டுப் பக்கம் கூரை விளிம்பு தரைக்கு ஆறடிதான். பள்ளத்துப் பக்கம் பன்னிரண்டு அடி. மேட்டுப் பக்கம் இலை சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தண்ணி முழுக்கப் பள்ளத்துப் பக்கமாக வழிந்து பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து செம்மண்ணில் விழும். விழுந்த இடமெல்லாம் குழி. ஒரே மழைக்காலத்தில் அஸ்திவாரக் கல் வெளியே தெரிந்துவிட்டது. "அண்ணி, கல்லு பல்லு மாதிரி இளிச்சிக்கிட்டு நிக்குது, வந்து பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். "அம்மா, குழியில சிமெண்ட்டைக் கொட்டி ஒரு பிரயோஜனமும் இல்லே. தண்ணி எங்கேருந்து வருதோ அங்கேதான் வைத்தியம் பண்ணணும்." மூன்று காரியம் செய்தார். முதலாவது, தகர வாய்க்காலைச் சரிசெய்து குழாயில் இறக்கினார். இரண்டாவது, குழாய் வாயில் ஒரு கருங்கல் பலகை போட்டு, அதிலிருந்து வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு சின்னக் கால்வாய் கட்டினார். மூன்றாவது, மேட்டிலிருந்து ஓடி வருகிற தண்ணி சுவரில் மோதாதபடி வீட்டுக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி இரண்டு பக்கமும் திருப்பிவிட்டார். கால்வாய் ஓரத்தில் வெட்டிவேர் நட்டார்கள். நம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் பயிராகிற வேர்தான். ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. கொடைக்கானல், ஊட்டி மலைச்சரிவில் வீடு உள்ளவர்களுக்கும் இதே மூன்று காரியம் பொருந்தும்.

சிதம்பரத்து முற்றம்

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். "எங்களுடையது முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. சாய்ப்புகள் கூடுகிற மூலையில் மட்டும் ஒழுகுகிறது. மூன்று வருஷமாக சிமெண்ட் பூசிப் பூசிப் பார்த்துவிட்டோம்" என்கிறார்.

சகோதரி, அந்த மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர். இரண்டு சாய்ப்புத் தண்ணியும் அங்கே கூடுவதால் மற்ற இடத்தைவிட இரண்டு பங்கு வேலை அதற்கு. ஓட்டுக்கு அடியில் அங்கே ஒரு தகடு போட்டிருப்பார்கள். தகடு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதன்மேல் பூசிய சிமெண்ட் வெடிக்காமல் என்ன செய்யும்? வெடிப்பில் தண்ணி இறங்கி உத்திரம்தான் உளுத்துப் போகும்.

மழை இல்லாத நாளில் ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிட்டு, மூலையின் இரண்டு பக்கமும் ஓட்டை எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே மக்கிய இலையும் எலிக்கூடும் கூடை கூடையாக வரும். தகடு இற்றுப் போயிருந்தால் புதிதாகப் போடுவதே நல்லது. இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் ஒரு சாணாவது தகடு போயிருக்க வேண்டும். நடுவில் தண்ணி ஓட நாலு விரல்கடை இடைவெளி விட்டு ஓட்டை அடுக்க வேண்டும். பழைய கோயில்களில் பாருங்கள், தளத்துத் தண்ணி சுவரில் வழியாதபடி கல் தூம்பை வெளியே நீட்டி வைத்திருப்பார்கள். தண்ணியைச் சுவரிலிருந்து தள்ளி விடு என்பதுதான் நம் பெரியவர்களின் கணக்கு.

நாமே செய்யக்கூடிய ரிப்பேர்

முதலில் சுத்தம். தேங்காய்க் கொட்டாங்கச்சி இதற்கு நல்ல கருவி. தகரத்தைக் கீறாமல் சேற்றை வழிக்கும். வழித்ததைக் குழாய்க்குள் தள்ளாமல் வாளியில் போடுங்கள். செடிக்கு அருமையான உரம்.

பிறகு மேல்கோடியில் ஒரு குடம் தண்ணியை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே சொட்டுகிறது என்று சாக்கட்டியால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

தேங்கினால் சரிவு போதவில்லை என்று அர்த்தம். பத்தடிக்கு ஓர் அங்குலம் இறக்கம் வேண்டும். கொத்தனாரிடம் ரசமட்டம் இருக்கும், வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தாங்குகிற கொக்கி ஒன்று தளர்ந்திருக்கும். இரண்டு மூன்று அடிக்கு ஒரு கொக்கி இருந்தால்தான் ஈர இலையின் கனத்தைத் தாங்கும்.

சின்ன ஓட்டை என்றால் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, எம்-சீல் பிசைந்து அடைக்கலாம். ஈரத்தில் ஒட்டினால் நாலு நாளில் உரிந்து வந்துவிடும். ஓட்டை பெரிதானால் தகரத்துண்டு வைத்து ரிவெட் அடித்து ஓரத்தில் சிலிக்கான் பேஸ்ட் போட வேண்டும். அது தகர வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. பிறகு ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே பெயிண்ட் ஒரு கை. கடல் காற்றில் உப்பு இருப்பதால் எங்கள் ஊரில் வெறும் தகரம் சீக்கிரம் அரித்துவிடும். அதனால் இப்போது பலர் ஆறு அங்குல பிவிசி குழாயை நெடுக அறுத்து வாய்க்காலாக வைக்கிறார்கள். துருப்பிடிக்கிற கவலை இல்லை.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் ஓர் எச்சரிக்கை. அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ, துளை போடவோ, உடைக்கவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விட வேண்டாம்.

இலையைத் தடுக்க மேலே கோழிவலை போடலாம். மா, பலா, முந்திரி இலைக்கு அது சரி. முருங்கை இலையும், தென்னம்பூவும், கடலோரத்துச் சவுக்கு இலையும் வலைக்குள் புகுந்துவிடும். அந்த மரங்கள் இருந்தால் வலையை நம்பாமல் வாரம் ஒரு முறை கை வைத்தே ஆக வேண்டும்.

கொசு வளர்க்கிற தொட்டில்

இந்த வாரக் கணக்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு கார்த்திகையில் நாத்தனாரின் நாலு வயசுப் பேத்திக்குக் காய்ச்சல். முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை துவண்டு போய்ச் சோறு தண்ணி இறங்கவில்லை. ரத்தம் பார்த்ததில் டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, தெய்வாதீனமாகப் பிழைத்து வந்தாள். அந்த ஐந்து நாளும் குழந்தையின் அம்மா, சின்னப் பெண், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கொசுப்புழு பார்க்க வந்த ஊழியர்ப் பெண் தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாம் பார்த்தாள். எல்லாம் சுத்தம். பிறகு ஏணி கேட்டாள். பக்கத்துக் கொட்டகையின் தகர வாய்க்காலில் இலைக்கு நடுவே தெளிந்த தண்ணி, அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. குழந்தையைக் கடித்தது அந்தக் கொசுதானா என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் டெங்குக் கொசு சாக்கடையைவிட இப்படித் தேங்கிய நல்ல தண்ணியில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணி வற்றினாலும் முட்டை மாசக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வெறுமனே தண்ணியைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

காய்ச்சல் வந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள். டெங்கு இருக்குமோ என்று சந்தேகமுள்ள நாட்களில் ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, கை கால் சில்லிப்பு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் குறைகிற நேரமே ஆபத்தான நேரம் என்பதை இளம் தாய்மார்கள் மறக்க வேண்டாம்.

ஏணி ஏறுமுன்

சரிவான தரையில் கல்லை முட்டுக் கொடுத்து ஏணி வைக்காதீர்கள். மண்ணை வெட்டிச் சமன் செய்து, அதன் மேல் வையுங்கள். நாலடி உயரத்துக்கு ஓரடி சுவரைவிட்டுத் தள்ளி ஏணிக்கால் இருக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும். மேட்டு வீட்டில் மேட்டுப் பக்கத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம். பள்ளத்துப் பக்கத்தை ஆளிடம் விடுங்கள். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வானேன்? கர்ப்பிணிகளும் தலைசுற்றல் உள்ளவர்களும் ஏறவே கூடாது.

கரண்ட் கம்பி கூரை ஓரமாக வருகிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்தாலும் கம்பத்திலிருந்து வருகிற கம்பியில் மின்சாரம் இருக்கும். அதன் பக்கம் அலுமினிய ஏணி கொண்டுபோக வேண்டாம். இலைக் குவியலில் தேள், நட்டுவாக்காலி, சில சமயம் பாம்புகூட இருக்கும். குச்சியால் கலைத்துவிட்டு, உறை போட்ட கையை வையுங்கள்.

எப்போது செய்வது?

புரட்டாசியில் ஒரு முறை முழுச் சுத்தமும் ரிப்பேரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாரம் ஒரு முறை ஒரு பார்வை. நம் பக்கத்து ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான். பங்குனியில் வேம்பு இலை உதிர்த்த பிறகு மறுபடி ஒரு சுத்தம். புயல் எச்சரிக்கை வந்தால் தளர்ந்த கொக்கிகளை இறுக்குங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரை ஏறியபோது எங்கள் ஊரில் பறந்த தகரத்தைப் பார்த்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள். கூரைமேல் சாய்ந்த கிளைகளையும் மழைக்கு முன்பே கழித்துவிடுங்கள். மரத்தை வெட்ட வேண்டாம், கிளை போதும்.

2003 முதல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. வாய்க்கால் சுத்தமாக இருந்தால்தான் அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் நல்ல தண்ணி போகும். முதல் மழைத் தண்ணியை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும்.

அடுத்த இதழில், ஈரம் கோத்த சுவரைக் காயவைப்பது பற்றியும், மழைக்காலத்தில் அலமாரித் துணிகளைப் பூசணத்திலிருந்து காப்பது பற்றியும் எழுதுகிறேன். அதற்குள் ஒரு நாள், மழை விட்டிருக்கும்போது, வீட்டைச் சுற்றி ஒரு முறை தலை நிமிர்ந்து நடந்து பாருங்கள்.