'குடிப்பியா?' என்று மட்டும் கேட்கும் மருத்துவம்

"குடிப்பியா?"

அரசு மருத்துவமனையில் என் அப்பாவிடம் மருத்துவர் கேட்ட ஒரே கேள்வி இது. ஐந்து நாளாகக் காய்ச்சல். கண் மஞ்சளாகி, அதன்மேல் ரத்தச் சிவப்பு. கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே அலறுகிறார். அப்பா எதையும் மறைக்கவில்லை, "ஆமாங்க சார்" என்றார். சீட்டில் 'குடியால் கல்லீரல் பாதிப்பு' என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவர் இருபது வருடமாகப் பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர் என்று சொல்ல அம்மா வாயெடுத்தார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து, சிறுநீர் நின்றுபோன பிறகு, இரவுப் பணியிலிருந்த ஒரு பயிற்சி மருத்துவர்தான் கேட்டார்: "என்ன வேலை பாக்குறீங்கண்ணே?"

எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து தோலின் கீறல் வழியாக உள்ளே போகும் கிருமி. பென்சிலினுக்கும் டாக்சிசைக்ளினுக்கும் கட்டுப்படும். அப்பா பிழைத்தார். சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை.

இது நம் மருத்துவர்களுக்குத் தெரியாத நோயா? அடால்ஃப் வெய்ல் 1886இலேயே விவரித்த நோய். சாக்கடைத் தொழிலாளர்களுக்கு வரும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தேர்வுத்தாளில் வந்தால் அரை நிமிடத்தில் விடை எழுதுவார்கள். அதே தொழிலாளி நேரில் வந்து நின்றால் சாராய வாடை மட்டும்தான் மூக்கில் ஏறுகிறது. (குடிக்காமல் அந்தக் குழிக்குள் யாரால் இறங்க முடியும்? அதையும் கேட்டதில்லை.)

கூட்டம் அதிகம், நேரமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் 'குடிப்பியா' என்று கேட்க நேரம் இருந்ததே!

நோயாளியிடம் தொழிலைக் கேள் என்று 1700இலேயே புத்தகம் போட்டுச் சொன்னவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. அவருக்கு அந்த எண்ணம் வந்த இடம் எது தெரியுமா? அவர் வீட்டு மலக்குழி. உள்ளே இருந்தவர் ஏன் இப்படி அவசர அவசரமாக வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். தொழில்நோய் மருத்துவமே ஒரு மலக்குழித் தொழிலாளியின் பதிலிலிருந்து பிறந்தது. முந்நூறு வருடம் கழித்தும் எங்கள் தெரு ஆட்களிடம் அந்தக் கேள்வி வந்து சேரவில்லை. அந்த வேலையை எங்கள் தெருவுக்கு ஒதுக்கிய சாதி மட்டும் தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

சீட்டில் எழுதும் பெயர் சாதாரண விஷயம் இல்லை, தோழர்களே. 'குடி' என்றால் குற்றவாளி அப்பா. 'எலிக்காய்ச்சல், சாக்கடை வேலை' என்றால் ஒப்பந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில், தொற்று அபாயமுள்ள வேலையால் வரும் தொற்றுநோய்களும் இருக்கின்றன. அதை வைத்து இழப்பீடு கேட்கலாம். ஆனால் அந்தப் பட்டியலுக்குப் போகும் வழி மருத்துவரின் பேனா முனையில்தான் தொடங்குகிறது. ஒருவர் வேலையைக் கேட்காமல் விட்டால் தப்பிப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில், தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தது. அம்மா அதைத் திருப்பிக் கொடுத்தார். 'பாதாளச் சாக்கடைத் தொழிலாளி' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அந்த மேசையை விட்டு நகரவில்லை. ஒன்றே கால் மணி நேரம் ஆனது.