ஜப்பான் குழாய் வந்தது. ஜப்பான் விதி வரவில்லையே!

குடிநீருக்கும் துப்புரவுக்கும் உலக நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும் என்று இன்று எல்லா மேடைகளிலும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். அறிவுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆனால் அந்த அறிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எந்தப் படியில் வந்து நின்றுவிடுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஏனென்றால் இந்த நகரத்தின் சாக்கடையைச் சுமந்தவர்களில் பெரும்பங்கு நம் இனத்தார்.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் எழுதிய 'தோட்டியுடெ மகன்' நாவலை அறிந்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். நம் சுந்தர ராமசாமி அதைத் தமிழில் தந்தார். ஆலப்புழை நகரத்து மலம் சுமந்த மூன்று தலைமுறையின் கதை அது. அந்தக் கதையின் மாந்தர் பெயர்கள் என்ன? இசக்கிமுத்து, சுடலைமுத்து! இந்தப் பெயர்கள் எந்த மண்ணிலிருந்து போயின என்று நெல்லைச் சீமையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்த உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோம். இந்த நகரத்தின் குழாய்த் தண்ணீரே பிறநாட்டு அறிவு கலந்து வந்ததுதான். 1933-ல் அருவிக்கரையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தபோது, அந்தத் திட்டத்துக்கு ஆங்கிலேய வைசிராய் வில்லிங்டனின் பெயரையே வைத்தார்கள். அடுத்து, 1945-ல் பாதாளச் சாக்கடை பயனுக்கு வந்தது. பின்னர் 1997-ல் ஜப்பானின் கடனுதவியில் கேரளக் குடிநீர்த் திட்டம் ஒப்பந்தமாயிற்று. நம் பெண்கள் இன்றைக்கும் 'ஜப்பான் குடிவெள்ளம்' என்றுதான் அதைச் சொல்கிறார்கள். 2018-ம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு, 2019 மே மாதம் முதலமைச்சர் பினராயி விஜயன் நெதர்லாந்து சென்று, ஆற்றுக்கு இடம் விட்டு வெள்ளத்தைச் சமாளிக்கும் அந்நாட்டு முறையைப் பார்த்து வந்தார்.

இவற்றை எல்லாம் நாம் குறை சொல்லவில்லை. குடத்தோடு தெருக்குழாயில் கால்கடுக்க நின்றவர்கள் குழாய் வந்ததைக் குறை சொல்வார்களா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழாய்க்கும் அணைக்கும் வெள்ளத்துக்கும் கடல் கடந்து அறிவு வந்தது. குழிக்குள் இறங்குகிறவனின் உயிருக்கு என்ன வந்தது?

2024 ஜூலை 13-ம் தேதி என்ன நடந்தது என்பதை இந்த ஊர் மறந்துவிடக் கூடாது. ஆமயிழஞ்சான் தோடு ஒப்சர்வேட்டரி குன்றுப் பக்கம் பிறந்து, தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு அடியில் புகுந்து, தகரப்பறம்பு, வஞ்சியூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலுக்குப் போகிறது. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளம். தண்டவாளங்களுக்கு அடியில் அது நூறு மீட்டருக்கு மேல் இருட்டுச் சுரங்கமாக ஓடுகிறது. அங்கே அடைத்துக் கிடந்த பிளாஸ்டிக் குப்பையை அள்ள, ஒப்பந்தக்காரர் மூலம் கூலிக்கு வந்த ஒரு தொழிலாளி இறங்கினார். மழை பெய்தது. தண்ணீர் திடீரென்று உயர்ந்து அவரை அடித்துக்கொண்டு போயிற்று. தீயணைப்புப் படை வந்தது, தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, கடற்படை முக்குளிப்பவர்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் காலை, நிலையத்துக்கு அப்பால் தகரப்பறம்புப் பக்கம் உடல் மிதந்தது.

தேடுவதற்கு ஓர் இயந்திர மனிதனையும் கொண்டுவந்தார்கள். அதை உண்டாக்கியது எந்த நாடு தெரியுமா? எந்த நாடும் இல்லை, இந்தத் திருவனந்தபுரம்தான்! 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் ஆந்திரத் தொழிலாளர் இருவர் மூச்சடைத்து விழுந்தார்கள். காப்பாற்ற இறங்கிய உள்ளூர் ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு மாண்டார். அந்தச் சாவைக் கண்ட இளம் பொறியாளர்கள் சிலர் ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் மூலம் குழி துப்புரவு செய்யும் இயந்திரத்தை உண்டாக்கினார்கள். 'பேண்டிகூட்', அதாவது பெருச்சாளி, என்று பெயரிட்டார்கள். 2018-ல் கேரள நீர் அதிகார சபை இங்கே அதை இறக்கிற்று. பிற மாநிலங்களும் வாங்கின. இந்த ஊர் உலகத்துக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு அறிவு! ஆனால் ஆறு ஆண்டு கழித்து அதே ஊரில் உயிருள்ள மனிதன் வேலைக்கு இறங்கினான். இயந்திரம் உடலைத் தேட வந்தது. அறிவு இல்லாத ஊரா இது? இருக்கிற அறிவைத் தொழிலாளிக்காகச் செலவிட மனமில்லாத ஊர்.

பிறகு வழக்கமான காட்சிதான். தோடு யாருடையது, குப்பை யாருடையது, அள்ள வேண்டியது யார் என்று மாநகராட்சியும் ரயில்வேயும் ஒருவரை ஒருவர் கைகாட்டின. கேரள உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணையில் எடுத்தது. செத்தவர் வீட்டில் ஒரு தாய் அழுதாள்.

இப்போது பிற நாடுகளைப் பார்ப்போம். எந்த ஜப்பானிலிருந்து நமக்குக் குழாய்க்குப் பணம் வந்ததோ, அதே ஜப்பானில் 1972-லேயே பிராணவாயு குறைந்த இடங்களில் வேலை செய்வதற்கென்று தனி விதி போட்டார்கள். சாக்கடைக்குள் இறங்குமுன் உள்ளே பிராணவாயு 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கிறதா என்று கருவியால் அளக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். பிரிட்டனில் 1997-ல் இப்படி ஒரு விதி வந்தது. சிங்கப்பூரில் 2009-ல் வந்தது. அங்கே அனுமதிச் சீட்டு எழுதிக் கையெழுத்தாகாமல் யாரும் குழிக்குள் தலையை நீட்ட முடியாது. உள்ளே ஒருவர் இருக்கும் வரை வெளியே ஒரு காவலாள் நகரக் கூடாது.

இந்த விதிகளின் அறிவு மிகச் சாதாரணமானது. அந்த நச்சு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கிறவன் சாவான். விழுந்தவனைத் தூக்க வெறுங்கையோடு குதிக்கிறவனும் சாவான். கோழிக்கோட்டில் நடந்தது அதுதான். மழைக்கோள் இருக்கும்போது தோட்டுக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் இறங்கக் கூடாது. தம்பானூரில் நடந்தது அதை மீறியதுதான். இதைத் தெரிந்துகொள்ள ஒரு பட்டமும் வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தாக வேண்டிய தொழிலாளிக்கு யாரும் சொல்வதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த அறிவு நம் வீடுகளிலேயே இருக்கிறது! நம் பிள்ளைகள் எத்தனை பேர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் கட்டட வேலைக்கும் குழாய் வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போய் வந்திருக்கிறார்கள்! அங்கே குழி வேலைக்குமுன் பயிற்சி, வாயு அளக்கும் கருவி, இடுப்புக் கயிறு எல்லாவற்றையும் பார்த்தவர்கள் அவர்கள். திரும்பி வந்தால் இந்த ஊரில் அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா? விமானத்தில் போய் வந்த அதிகாரி கண்டது 'சர்வதேச அனுபவம்'. அதே விமானத்தில் கூலிக்குப் போய் வந்தவன் கண்டது வெறும் 'கல்ப் கதை'. இந்தப் பேதத்தை முதலில் ஒழிக்க வேண்டும்.

பொறியாளர்கள் தொழிலாளியோடு உட்கார்ந்து கற்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். முடியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் 2004-ம் ஆண்டையொட்டி ஒரு முயற்சி நடந்தது. 'கூடம்' என்று நம் ஊர்ப் பழைய வழக்கத்தின் பெயரையே வைத்து, அதிகாரி என்றும் கடைநிலை ஊழியர் என்றும் பாராமல் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். பின்பு கிராம மக்களோடும் அப்படியே உட்கார்ந்தார்கள். புதிது புதிதாகக் குழாய்க்கிணறு தோண்டுவதைவிட இருப்பதைப் பேணுவது மேல் என்ற முடிவு அங்கே பிறந்தது. வெளிநாட்டு மேடைகளிலும் அது எடுத்துப் பேசப்பட்டது. தமிழ்க் கிராமத்தில் செய்ய முடிந்ததைத் தம்பானூரில் செய்ய முடியாதா?

"விதி எல்லாம் சரி, இந்தியாவுக்கு ஒத்து வராது" என்பார்கள். ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நான் ஒன்று கேட்கிறேன். தண்டவாளத்தில் பெரிய வேலை என்றால் முன்கூட்டியே பிளாக் வாங்கி, அது எழுத்தில் பதிவாகி, சிவப்புக் கொடியோடு ஆள் நின்ற பிறகுதான் வேலை தொடங்க வேண்டும் என்பது விதி. இந்த நாட்டில் எத்தனையோ தலைமுறை கேங்மேன்கள் அறிந்த முறை இது. ரயில் வருவதற்குச் சீட்டும் கொடியும் உண்டென்றால், வெள்ளம் வருவதற்கும் விஷவாயு வருவதற்கும் ஏன் கூடாது?

"இயந்திரம் வந்தால் நம் ஆட்களுக்கு வேலை போய்விடுமே" என்று நம்மவர்களே கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். அதனால்தான் இயந்திரத்தை ஓட்டும் பயிற்சியும் வேலையும் இன்று குழியில் இறங்குகிறவர்களுக்கே முதலில் தரப்பட வேண்டும் என்கிறோம். சாவை விட்டுக்கொடுப்போம்; கூலியை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது என்பதை வீடுதோறும் சொல்லுங்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குவது குற்றம்; முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர் 20-ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. ஆனால் ஒப்பந்தக்காரர் கையில் ஐயாயிரம் பத்தாயிரத்தைத் திணித்து வெள்ளைத்தாளில் கைநாட்டுக் கேட்டால், இந்தத் தொகை தெரியாத குடும்பம் ஏமாந்துதான் போகும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

நீர் அதிகார சபையோ மாநகராட்சியோ வேறெந்த நாட்டுக்கும் கற்றுவர ஆள் அனுப்பினால், அந்தக் குழுவில் குழி வேலை அறிந்த தொழிலாளி ஒருவர் இருக்க வேண்டும். அங்கிருந்து நிபுணர் இங்கே வந்தாலும் அவர் முதலில் தொழிலாளர்களோடு பேச வேண்டும்.

எழுத்தில் அனுமதிச் சீட்டு, வாயு அளவு, மழை நிலவரம், மேலே காவலாள், இடுப்பில் கயிறு இத்தனையும் இல்லாமல் எந்தத் தோட்டிலும் குழியிலும் யாரையும் இறக்கக் கூடாது. இடம் மாநகராட்சியுடையதா, ரயில்வேயுடையதா, தனியாருடையதா என்ற கேள்விக்கே இடமில்லை.

இந்த விதிகளை மலையாளத்திலும் தமிழிலும் மட்டுமல்லாமல் இந்தியிலும் வங்காளியிலும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். நம் பாட்டன் செய்த வேலைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்களைத் தேடுகிறார்கள். நேற்று நமக்கு மொழி தெரியாததால் ஏற்பட்ட கதி இன்று அவர்களுக்கு ஏற்படக் கூடாது. அவர்களும் நம்மவர்களே.

நம் சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டில் இந்தப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் பெயர்களைக் கிளைதோறும் எழுதி எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் இங்கே குழி வேலை, தோட்டு வேலை செய்கிறவர்களையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். கேட்கட்டும், சொல்லட்டும். அரசாங்கம் கோடி கோடியாகச் செலவிட்டுப் பேசும் சர்வதேச அறிவுப் பகிர்வை, நாம் ஒரு குடம் டீச் செலவில் தொடங்கிவிடலாம்.

சீட்டு இல்லாமல் குழி இல்லை! இதை ஒவ்வொரு தொழிலாளியும் வாய்விட்டுச் சொல்லும் நாளை நாம்தான் கொண்டுவர வேண்டும். அடுத்த மழை வருமுன் தொடங்குவோம், தோழர்களே!