பூச்சியுண்ணும் செடியும் பூனையும்

பூனை வளரும் வீட்டில் பூச்சியுண்ணும் செடியை வளர்க்கலாமா? இவ்வினாவைக் கேட்டவுடன் "கூடாது" என்றே பலரும் கூறுவர். உயிரைத் தின்னும் செடி, பூனையின் பாதத்தையும் கவ்விவிடும் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சம் தேவையற்றது, தாராளமாக வளர்க்கலாம் என்பதே என் கருத்து.

மாணவர்களே! இச்செடிகள் தழைச்சத்துக் குறைந்த மண்ணில் வளர்பவை. அக்குறையை ஈடுசெய்யவே அவை பூச்சிகளைப் பிடிக்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் ஈரநிலங்களில் இயல்பாக வளர்வது வீனஸ் பூச்சிப்பொறி. அதன் பொறி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அளவே உடையது. உள்ளிருக்கும் நுண்மயிர்களை ஓர் ஈ சுமார் 20 நொடிக்குள் இருமுறை தொட்டால், பொறி சட்டென மூடிக்கொள்ளும். பூனையின் பாதம் அதில் பட்டாலும் காயம் ஏற்படாது, எளிதில் விடுவித்துக்கொள்ளும். அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் பட்டியலிலும் இச்செடி பூனைக்கு நஞ்சற்றது என்றே குறிக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டின் மேகாலயாவிலும் ஒரு பூச்சியுண்ணி உண்டு. அது குடுவைத் தாவரம். காசி மொழியில் அதற்கு அரக்கமலர் எனப் பொருள்படும் பெயர் வழங்குகிறது. பெயர் அச்சுறுத்தினும், அதன் குடுவையில் வீழ்ந்து செரிப்பவை எறும்பு முதலிய சிற்றுயிர்களே. அரக்கன் எனப் பெயர் பெற்ற அத்தாவரமே இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

அவ்வாறாயின் பூனைக்கு உண்மையான ஆபத்து எங்கே உள்ளது? நாம் ஐயுறாத செடிகளில் உள்ளது. லில்லி மலரின் இதழும் மகரந்தமும், அது நின்ற சாடியின் நீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பல வீடுகளில் படரும் மணிபிளாண்டின் இலையைக் கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும். மருந்தென நாம் போற்றும் சோற்றுக் கற்றாழையும் பூனைக்கு ஆகாது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் கண்ணைக் கவரும். அதன் கிழங்கோ மனிதரையும் கொல்லும் நஞ்சு.

"ஆபத்து இல்லையெனில் செடியை எங்கும் வைக்கலாமே?" எனச் சிலர் வினவலாம். கூடாது. எந்த இலையையும் மிகுதியாக மென்றால் பூனை வாந்தி எடுக்கக்கூடும். செடிக்குத் தெளித்த பூச்சிமருந்தும் தீங்கு செய்யும். இவற்றினும் மேலாக, பூனையால் செடிக்கே கேடு மிகுதி. ஒவ்வொரு பொறியும் சில முறைகள் மட்டுமே மூடித் திறக்கவல்லது. பூனை விளையாட்டாகத் தட்டத் தட்ட, இரை கிட்டாமலே பொறி வலுவிழந்து கருகும். ஆகவே, வெயில் படும் உயரமான இடத்தில் செடியைத் தொங்கவிடுதல் நன்று. அதற்கு மழைநீரே ஏற்றது.

தோற்றத்தையும் பெயரையும் கண்டு ஒன்றை அஞ்சுவதும், அழகைக் கண்டு ஒன்றை நம்புவதும் அறிவுடைமை ஆகா. உங்கள் வீட்டிற்கு ஒரு செடி வரும்போது, அதன் இயல்பை முதலில் கேட்டறியுங்கள். பேச இயலாத பூனைக்காக அவ்வினாவை எழுப்ப வேண்டியவர் நீங்களே.

சொற்பொருள்
தழைச்சத்து – நைட்ரஜன். ஐயுறாத – சந்தேகம் கொள்ளாத. கேடு – தீங்கு

சிந்தித்து எழுதுக
1. ஆசிரியரின் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.
2. உங்கள் வீட்டிலுள்ள செடிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் பூனைக்குத் தீங்கு செய்வன எவை எனக் கண்டறிக.