பாட்டிலுக்கு மெத்தை; பாட்டாளிக்கு?

கண்ணாடிப் பாட்டிலில் மதுவை அடைத்து, பெட்டியிலிட்டு, லாரியேற்றி ஊர் ஊராக அனுப்பி விற்பது தமிழ்நாட்டில் சர்க்காரே நடத்திவரும் வியாபாரம். 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், முதலில் மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போயிற்று. 2025ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் சர்க்கார் சொன்ன கணக்குப்படி கடைகள் 4,787. கடை ஊழியர்கள் 23,629 பேர். 2024-25ஆம் ஆண்டில் மதுவின் மூலம் கஜானாவுக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய்.

குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. மில் தொழிலாளியின் சம்பளமும் விவசாயத் தொழிலாளியின் கூலியும் வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேருமுன் எங்கே போகின்றன என்பது நமது தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். இன்று நாம் பேச வருவது, அந்தப் பாட்டிலைத் தூக்கும் கையைப் பற்றி, அது உடைந்தபின் சில்லு ஏறும் காலைப் பற்றி. கடை திறந்திருக்கும் வரை அதன் பெட்டியை ஒரு மனிதன் தூக்கித்தான் ஆகவேண்டும். அவனைப் பற்றிக் கவலைப்படுகிறவர் யார்?

கண்ணாடிப் பாட்டிலை உடையாமல் அனுப்புவது ஒரு தனிச் சாத்திரம். ஒரு காலத்தில் வைக்கோலையும் மரத்தூளையும் திணித்து, மரப்பெட்டியில் ஆணியடித்து அனுப்பினார்கள். 1871ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர், நெளிநெளியாக மடித்த காகிதத்தைப் பாட்டிலுக்கும் விளக்குக் கண்ணாடிக்கும் சுற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று சோப்பு முதல் நூல் கோன் வரை சகல சரக்கும் போகிற அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் அந்த நெளி, முதலில் கண்ணாடியைக் காப்பதற்காகவே சரக்குக் கட்டும் வேலைக்கு வந்தது.

அந்தச் சாத்திரத்தின் விதிகளைப் பாருங்கள். கண்ணாடியை நசுக்குவது கடினம். ஆனால் அதன் மேனியில் ஒரு சிறு கீறல் விழுந்துவிட்டால் பிறகு ஓர் அதிர்ச்சியில் அந்தக் கீறலிலிருந்தே விரிசல் ஓடிவிடும். ஆகவே முதல் விதி, கண்ணாடி கண்ணாடியைத் தொடக்கூடாது. நமது ஊர் சோடாக்காரர் கோலி சோடாவை அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியில் அடுக்கியது இதற்காகத்தான். மதுப்பெட்டிக்குள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அட்டைத் தடுப்பு வைப்பதும் இதற்காகத்தான். இரண்டாம் விதி, பெட்டிக்குள் ஆட்டம் இருக்கக்கூடாது. மூன்றாம் விதி, பெட்டியின் மேல் பெட்டியை மூலைக்கு மூலை நேராக அடுக்கவேண்டும். ஏனெனில் அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. ஒரு விரற்கடை விலகினாலும் பாரம் கீழ்ப்பெட்டியின் நடுவில் இறங்கி அதை அமுக்கும். நான்காம் விதி, ஈரம் படக்கூடாது. நனைந்த அட்டை அடிவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் லாரி இறக்குகிறவர்களுக்கு இதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஐந்தாம் விதி, வெயிலில் போடக்கூடாது. சூட்டில் சாராயம் தண்ணீரை விட அதிகமாக விரியும். அதற்காகத்தான் பாட்டிலின் கழுத்தில் சிறிது இடம் விட்டு நிரப்புகிறார்கள். பீர் பாட்டிலுக்குள் வாயுவின் அழுத்தமும் சேர்ந்திருப்பதால், வெயில் காய்ந்த பீர்ப் பெட்டியைத் தூக்குகிறவன் முகத்துக்கு நேரே ஆபத்தைத் தூக்குகிறான்.

பெட்டியின் மேல் மூன்று படங்கள் அச்சிட்டிருக்கும். மேல்நோக்கிய அம்புகள்: தலைகீழாக்காதே. குடை: நனைக்காதே. காலுள்ள ஒரு கண்ணாடிக் கிண்ணம்: உடையும், மெதுவாக வை. எந்த மொழியும் படிக்கத் தெரியாத தொழிலாளியும் புரிந்துகொள்ளட்டும் என்று உலகமெங்கும் இந்தப் படங்களை வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், தூக்குகிறவனின் இடுப்பும் உடையும், அதையும் மெதுவாக வை என்று சொல்லும் படம் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டியில் குவார்ட்டர் பாட்டில் 48. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் 8 லிட்டர் 640 மில்லி. கண்ணாடியும் அட்டையும் சேர்ந்தால் பெட்டி சுமார் 15 கிலோ வரும். 15 கிலோ ஒரு பெரிய சுமையா என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர் கேட்கலாம். நூறு பெட்டி இறக்கினால் ஒன்றரை டன். முந்நூறு பெட்டி இறக்கினால் நாலரை டன். அத்தனையும் ஒரே முதுகின் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அதுவும் லாரித் தட்டிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து படியேறிக் கடைக்குள், கடைக்குள் தலைக்கு மேல் உயர்ந்த அடுக்குக்கு.

நங்கநல்லூர்வாசிகளுக்கு நாம் சொல்வது எளிதில் விளங்கும். தலைக்கு மேலே விமானம் இறங்கும் ஊர் அது. பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம். அங்கே ஒரு பயணியின் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக விமானக் கம்பெனிகள் அதை ஒரே பெட்டியாக ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டாகப் பிரித்துக் கொண்டுவா என்கின்றன. பயணிக்குத் தொல்லை கொடுக்க வைத்த விதியல்ல அது. பெட்டியைத் தூக்கும் தொழிலாளியின் முதுகைக் காக்க உலகத்து விமானத் துறையில் ஏற்பட்ட விதி. பயணி கொண்டுவரும் மதுவுக்கும் விதி உண்டு. 24 சதவிகிதத்துக்கு மேல் 70 சதவிகிதம் வரை சாராயச் சத்துள்ள பாட்டில்களைக் கடையில் வாங்கிய சீல் உடையாமல், ஒருவர் 5 லிட்டர் வரைதான் சரக்கறைப் பெட்டியில் வைக்கலாம். 70 சதவிகிதத்துக்கு மேலானது விமானத்தில் ஏறவே கூடாது. அது தீப்பற்றும் சரக்கு. துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிற நமது பிள்ளைகள் பாட்டிலைக் கைலியில் சுருட்டிப் பெட்டியின் நடுவில், நாலு பக்கமும் துணி அணைத்து வைக்கிறார்களே, அதுவும் இந்தச் சாத்திரம்தான்.

விமான நிலையத்தில் எடைக்கு விதி, தீக்கு விதி, அடுக்குவதற்கு விதி. அதன் மதிலுக்கு வெளியே வந்துவிட்டால்? நங்கநல்லூர் வட்டாரத்துக் கடையானாலும் நாகப்பட்டினம் வட்டாரத்துக் கடையானாலும் லோடுமேனுக்குக் கூலி பெட்டிக் கணக்கில்தான். எத்தனை பெட்டி இறக்கினாய் என்பதே கேள்வி. எப்படி இறக்கினாய் என்று கேட்பாரில்லை. அடுத்த கடைக்கு லாரி போகவேண்டும், ஓட்டுநர் அவசரப்படுகிறார். மெதுவாக வைத்தால் கூலி குறையும்; வேகமாக வைத்தால் பாட்டில் உடையும். பெட்டியில் ‘மெதுவாக வை’ என்று படம் போட்டவர்களே கூலிமுறையில் ‘வேகமாகப் போடு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே பாட்டில் உடைவது தொழிலாளியின் கவனக்குறைவால் என்று சொல்வது வாதமாகாது. உடைவுக்குக் காரணம் அவசரம். அவசரத்துக்குக் காரணம் பெட்டிக் கணக்குக் கூலி.

உடைந்த பாட்டிலின் விலை யார் தலையில்? இறக்குக் கூலியை யார் கொடுப்பது? இந்தச் செலவுகள் கடை ஊழியர்கள் மேல் விழுகின்றன என்று டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. 2003 முதல் தொகுப்பூதியத்தில் நிறுத்தப்பட்டவர்கள் இந்த ஊழியர்கள். 2025 ஏப்ரல் முதல் மாதம் 2,000 ரூபாய் உயர்த்தியதாகச் சர்க்கார் அறிவித்தது. ஒரு கையால் கொடுத்ததை உடைவுக் கணக்கிலும் கூலிக் கணக்கிலும் மறு கையால் எடுத்துக்கொண்டால் அது உயர்வாகுமா? பாட்டிலுக்கு மேலே விலையை விடக் கூடுதலாகக் காசு கேட்கும் பழக்கம் கண்டிக்கத்தக்கதே. உழைக்கிறவனின் பையிலிருந்துதான் அதுவும் போகிறது. ஆனால் அந்தப் பழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறதென்று பார்க்காமல் கடை ஊழியனை மட்டும் பிடித்துத் தண்டிப்பது வேரை விட்டு இலையைக் கிள்ளும் வேலை.

இதுவரை சொன்னது முழுப் பாட்டிலின் கதை. காலிப் பாட்டிலின் கதை இதைவிட மோசமானது. நிறைந்த பாட்டிலுக்கு விலை உண்டு. ஆகவே அதற்கு அறை உண்டு, அட்டை உண்டு, குடைப்படம் உண்டு. குடித்து முடித்த மறுகணமே அது வீதிக்கு வருகிறது. நகரத்தில் அதைப் பொறுக்குகிறவர் தூய்மைப் பணியாளர்; கிராமத்தில் அதை மிதிக்கிறவர் விவசாயத் தொழிலாளி. வரப்பில் குடித்துவிட்டு வயலில் வீசிய பாட்டில் சேற்றில் புதைந்து கிடக்கும். நடவு நடும் பெண்ணுக்குச் சேற்றுக்குள் சில்லு தெரியாது. காலில் ஏறியபின்தான் தெரியும். ஏர் மாட்டின் குளம்புக்கும் அதே கதி. வெட்டுப்பட்ட காலோடு வீட்டில் கிடந்தால் அன்றைய கூலி இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்கப் போனால் பதில் சொல்ல ஆளில்லை.

நீலகிரிக் காட்டில் யானைகளின் காலில் சில்லு ஏறுவது வழக்காகிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அதன் உத்தரவின் பேரில் 2022 மே 15 முதல் அந்த மாவட்டத்தில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பெரும்பகுதி பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அந்த ஏற்பாடு விரிந்தது. இது நல்ல திட்டம் என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். யானைக் காலுக்கு நீதி கிடைத்தால் நடவுக்காரியின் காலுக்கும் அது கிடைக்கும்.

ஆனால் திரும்பி வரும் பாட்டிலை வாங்கி, ஒட்டுச்சீட்டைப் பார்த்து, எண்ணி, காசு கொடுத்து, அடுக்கி வைப்பது யார்? அதே ஊழியர்தான். கூடுதல் ஆளில்லை, வைக்க இடமில்லை என்று சங்கங்கள் போராடின. வாய் உடைந்ததும் அடி கீறியதும் கலந்து வரும் காலிப் பாட்டில்கள் கோணியிலும் பழைய அட்டைப்பெட்டியிலும் அடைபடுகின்றன. கண்ணாடி கண்ணாடியைத் தொடக்கூடாது என்ற முதல் விதி, சரக்கு காலியானவுடன் செல்லாததாகிவிடுகிறது. ஏன்? இப்போது உடைந்தால் நஷ்டம் கழகத்துக்கு இல்லை. வெட்டுப்படுவது தொழிலாளியின் விரல். பாட்டிலுக்கு உள்ளே இருந்த சரக்குக்குத்தான் அத்தனை மரியாதையும் என்பது இதிலிருந்து தெளிவாகவில்லையா?

செலவாகும் என்பார்கள். எவ்வளவு செலவு? 48,344 கோடி வருமானத்துக்கு முன்னால் ஒரு ஜோடி தடித்த கையுறையும் ஒரு தள்ளுவண்டியும் எந்த மூலை? யாரும் திரும்பி வந்து கேட்காத பத்து ரூபாய்கள் இருக்கின்றன. காலிப் பாட்டிலை விற்றால் வரும் காசு இருக்கிறது. பணம் இல்லை என்ற பேச்சை நாம் ஏற்கத் தயாராயில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. காயம் உண்டாக்கும் அளவுக்குப் பாரமான சுமையை எவரையும் தூக்க வைக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்லிற்று. ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று 1967இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் பரிந்துரை செய்தது. உடலுழைப்புத் தொழிலாளருக்கென்றே 1982இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துவிட்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். தொழிலாளியின் முதுகெலும்பு பழைய முதுகெலும்புதான். ஏட்டில் எழுதியது கிடங்கு வாசலைத் தாண்டி உள்ளே வரவேண்டுமானால் தொழிலாளிதான் அதைக் கையைப் பிடித்து அழைத்து வரவேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவை: ஏற்றுக்கூலியும் இறக்குக் கூலியும் கழகமே நேரடியாகக் கொடுக்கவேண்டும், நியாயமான நாட்கூலி நிர்ணயமாக வேண்டும். வழியிலும் இறக்கும்போதும் உடைகிற பாட்டிலின் விலையை எந்த ஊழியரிடமும் பிடிக்கக்கூடாது. உடைவு என்பது கண்ணாடி வியாபாரத்தின் செலவு. காலிப் பாட்டில் திரும்பிப் போவதற்கும் அறை தடுத்த பெட்டி வேண்டும். கிடங்கிலும் கடையிலும் தூய்மைப் பணியிலும் பாட்டிலைத் தொடும் ஒவ்வொருவருக்கும் கையுறையும் காலணியும் கண்ணுக்குக் காப்பும் தரவேண்டும். காலிப் பாட்டில் வேலைக்குத் தனி ஆள் நியமிக்கவேண்டும். சில்லு வெட்டிக் கூலியிழந்த விவசாயத் தொழிலாளிக்குச் சிகிச்சையும் நஷ்டஈடும் கிடைக்க வழி செய்யவேண்டும்.

இவை லோடுமேன்களின் கோரிக்கை மட்டும்தானா? கோன் பெட்டியும் பஞ்சுப் பேலும் தூக்கும் மில் தொழிலாளிக்கும் இதே முதுகுதான். நெல் மூட்டை சுமக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதே தோள்தான். ஓரிடத்தில் இது நிறைவேறினால் மற்ற இடங்களில் கேட்க வாய் பிறக்கும். உங்கள் ஊரில் லாரி இறக்கும் தோழர்களிடம் பேசுங்கள். கூலி என்ன, உடைவை யார் கட்டுகிறார், கையுறை உண்டா என்று கேட்டு எழுதிச் சங்கத்துக்குக் கொடுங்கள். கிராமச் சங்கத் தோழர்கள், வயலில் சில்லு வெட்டிய ஒவ்வொரு காலையும் கணக்கெடுங்கள். கணக்கு நமது கையில் இருந்தால் கோரிக்கைக்குக் கால் முளைக்கும். உடையும் சரக்கைக் காக்க நூற்றைம்பது ஆண்டுகளாக அறிவைச் செலவிட்டவர்கள், அதைச் சுமக்கும் மனிதனைக் காக்கவும் கொஞ்சம் செலவிடட்டும். கேட்காமல் அதை அவர்கள் செய்யமாட்டார்கள், சேர்ந்து கேட்போம்.