நினைவில் நிற்காத நாளும் குழந்தையின் நாள்தான்

இரண்டு வயதுக் குழந்தையை ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப்போவது வீண் வேலை என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு எதுவும் ஞாபகம் இருக்காதாம். அது ஏறக்கூடிய ராட்டினங்களும் குறைவாம். அழுது மற்றவர்களின் விடுமுறையைக் கெடுக்குமாம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனால் எல்லோருக்கும் நிம்மதியாம். வீட்டில் டிவியில் மிக்கி மவுஸைப் போட்டுக் காட்டினால் அதுவே குழந்தைக்குப் போதுமாம். இந்தக் காரணங்களில் ஒன்றுகூடக் குழந்தையின் பக்கம் நின்று யோசித்து வந்ததல்ல. குழந்தையைப் பயணச் செலவில் ஒரு வரியாகவும், பயணத்தில் ஒரு சுமையாகவும் மட்டுமே பார்த்த எழுத்து அது. படித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஞாபக வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய கட்டுரை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் இல்லை என்பது உண்மைதான். குழந்தைப்பருவ மறதி என்று உளவியலாளர்கள் நூறு வருடங்களுக்கும் மேலாகப் பேசிவருவது இதைத்தான். ஆனால் முப்பது வயதில் நினைவிருக்காது என்பது ஒன்று. இரண்டு வயதுக் குழந்தைக்கு நினைவாற்றலே கிடையாது என்பது வேறு. கட்டுரையாளர் முதலாவதைச் சொல்லத் தொடங்கி, இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு முடிக்கிறார்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கரோலின் ரோவி-காலியர் என்ற உளவியலாளர் பல வருடங்கள் செய்த சோதனைகள் இந்தத் துறையில் பாலபாடம். தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையை ஒரு நாடாவால் குழந்தையின் காலோடு கட்டிவிடுவார். உதைத்தால் பொம்மை ஆடும். சில நாட்கள் கழித்து அதே பொம்மையைக் காட்டினால், நாடா கட்டாமலேயே குழந்தை உதைக்கத் தொடங்கும். ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம் கழித்தும் இதை மறக்கவில்லை. கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்குத் தொட்டில் பொம்மைக்குப் பதிலாக, விசையை அழுத்தினால் ஓடும் பொம்மை ரயிலை வைத்தார். ஒன்றரை வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய மூன்று மாதம் வரை அதை நினைவில் வைத்திருந்தன. 2025 மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நான்கு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள 26 குழந்தைகளை, விழித்திருக்கும்போதே மூளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒரு படத்தைப் பார்க்கும்போது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி எந்த அளவுக்குச் சுறுசுறுப்பாக இயங்கியதோ, பிறகு அதே படத்தைக் காட்டியபோது குழந்தை அந்த அளவுக்கு அதை அடையாளம் கண்டு உற்றுப் பார்த்தது. ஒரு வயதைத் தாண்டியவர்களிடம் இது தெளிவாகவே தெரிந்தது. அதாவது நினைவு பதிகிறது. பிற்காலத்தில் அது ஏன் கைக்கு எட்டாமல் போகிறது என்பதுதான் இப்போது ஆய்வாளர்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

ஆய்வுக்கூடம் வரை போகத் தேவையில்லை. டம்போ என்ற பறக்கும் யானை ராட்டினத்தில் ஏறி இறங்கிய குழந்தை, ஊர் திரும்பிய பிறகும் வாரக்கணக்கில் கையை விரித்து யானை பறந்ததைக் காட்டும். வீடியோ காலில் பெரியம்மாவிடம் காட்டும். டே கேரில் ஆசிரியையிடம் காட்டும். பேச்சு முளைக்கும் பருவத்தில் அதற்குச் சொல்ல ஒரு பெரிய சங்கதி கிடைத்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைக் கண்ணால் பார்த்த எவரும், நினைவில் நிற்காது என்று எழுதத் துணிய மாட்டார்கள்.

சரி, எல்லாமே மறந்துபோகும் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? பழனிக்குக் கூட்டிப்போய் முடியிறக்குகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறோம். மொட்டை மாடியில் இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோம். பெரியவளானதும் இதெல்லாம் ஞாபகம் இருக்குமா என்று இவற்றில் எதற்காவது யாராவது கேட்டதுண்டா? இருக்காது என்று தெரிந்தேதான் செய்கிறோம். ஊட்டிய சோறு அன்றைக்குப் பசியாற்றியது. காட்டிய நிலா அன்றைக்குச் சிரிக்க வைத்தது. குழந்தையின் இன்றைய மகிழ்ச்சி, வளர்ந்த பிறகு நினைத்துப் பார்ப்பதற்காகச் சேர்த்து வைக்கும் ஒன்று மட்டும்தான் என்றால், முதல் மூன்று வருடங்களுக்குக் குழந்தையிடம் அன்பாகப் பேசவே வேண்டியதில்லை. கட்டுரையாளரின் தர்க்கம் அங்கேதான் போய் நிற்கிறது. அவர் அதை உணர்ந்து எழுதினாரா என்று தெரியவில்லை. உணர்ந்து எழுதியிருந்தால் அது கொடுமையான வாதம். உணராமல் எழுதியிருந்தால் பொறுப்பற்ற வாதம்.

அடுத்தது ராட்டினங்கள். உயரக் கட்டுப்பாடு உள்ள சிலவற்றை மட்டும் பட்டியலிட்டு, குழந்தைக்கு அங்கே வேலையே இல்லை என்கிறார். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம் வேண்டும், ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 38 அங்குலம் வேண்டும் என்பது சரி. ஆனால் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் உயரமே பார்க்காத டம்போவும், பீட்டர் பேனும், வின்னி த பூவும், கடற்கன்னியும், ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகும் அவர் பட்டியலில் ஏன் இல்லை? 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் யுனிசெஃப் அரங்குக்காக உருவான அந்தப் படகுச் சவாரி பிறந்ததே குழந்தைகளுக்காக. மேஜிக் கிங்டமில் சுற்றும் குதிரை ராட்டினம் 1917-இல் செய்யப்பட்டது. டெட்ராய்ட்டிலும் நியூ ஜெர்சியிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைச் சுமந்த பிறகு, 1967-இல் டிஸ்னி நிறுவனம் வாங்கிப் புதுப்பித்த குதிரைகள் அவை. இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டமில் திறந்த வண்டியில் உட்கார்ந்தபடி உண்மையான ஒட்டகச்சிவிங்கியையும் யானையையும் பார்க்கலாம். அதற்கும் உயரம் கேட்பதில்லை. டம்போவை 2012-இல் விரிவாக்கியபோது, காத்திருக்கும் இடத்துக்குள்ளேயே சிறுவர்கள் விளையாட ஒரு கூடாரம் போட்டார்கள். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாத வயதினர் வருவார்கள் என்று தெரிந்துதான் அப்படிக் கட்டினார்கள். பெற்றோர் பெரிய ராட்டினத்தில் ஏற விரும்பினால் ஒருவர் குழந்தையோடு வெளியே நிற்கலாம். மற்றவர் ஏறி இறங்கியதும், காத்திருந்தவர் மறுபடி முழு வரிசையும் நிற்காமல் போய்வரும் ஏற்பாடும் அங்கே உண்டு. நான்கு பூங்காக்களிலும் பால் கொடுக்கவும், டயப்பர் மாற்றவும், உணவைச் சூடாக்கவும் தனி அறைகள் இருக்கின்றன. இவை ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை. போய்ப் பார்க்காமல் எழுதினாரா, பார்த்தும் மறைத்தாரா?

அழும் குழந்தை மற்றவர்களின் விடுமுறையைக் கெடுக்கிறது என்ற புகார்தான் என்னை மிகவும் சுட்டது. அந்த இடம் யாருக்காக உருவானது என்று பாருங்கள். வால்ட் டிஸ்னி லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் தன் மகள்கள் டயானும் ஷாரனும் குதிரை ராட்டினம் சுற்றுவதை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம் 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டாகவும், அவர் இறந்த பிறகு 1971 அக்டோபர் 1 அன்று ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டாகவும் திறந்தது. குழந்தைகளும் பெரியவர்களும் ஒன்றாக இருக்கக் கட்டிய இடத்தில் குழந்தையின் குரல் கேட்கக் கூடாது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? நூலகத்தில் அழுதால் வெளியே தூக்கிப்போக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ராட்டினத் திடலில் இரண்டு வயதுக் குழந்தை களைத்து அழுவது யாருக்கும் செய்யும் அநியாயம் அல்ல. தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல அதற்கு இன்னும் சொல் வரவில்லை. அவ்வளவுதான்.

தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாரே, அந்த யோசனையை நம் வீடுகளில் வைத்துப் பார்ப்போம். பிள்ளைகளின் வீட்டில் ஆறு மாதம் தங்க விசிட்டர் வீசாவில் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் பெற்றோரில் பலர் இங்கே அமெரிக்காவில் கார் ஓட்டுவதில்லை. கடைக்கோ பூங்காவுக்கோ நடந்துபோக வழியில்லாத புறநகர் வீடுகளே அதிகம். அப்படிப்பட்ட வீட்டில், நான்கைந்து நாட்கள், ஓடியாடும் குழந்தையோடு எழுபது வயதை நெருங்கும் இருவரைத் தனியே விட்டுப் போகச் சொல்கிறார். இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் காரை எடுப்பது? ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் பிரிவுப் பயம் கடுமையாக இருக்கும் என்பது குழந்தை மருத்துவர் எவரும் சொல்லக்கூடிய விஷயம். அம்மாவைத் தேடி அழும் பேரனைத் தேற்ற முடியாமல் பாட்டியும் சேர்ந்து அழும் இரவை நிம்மதி என்று பெயரிட்டு எழுதியிருக்கிறார்.

அந்தத் தாத்தா பாட்டிக்கும் இந்தப் பயணத்தில் இடம் உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏற்ற பலவும் முழங்கால் வலியுள்ள பெரியவருக்கும் ஏற்றவை: மெதுவாகப் போகும் படகு, குளிரூட்டப்பட்ட அரங்கில் பாட்டுக் காட்சி, மதியம் ஒரு தூக்கம். மேஜிக் கிங்டமைச் சுற்றி ஒன்றரை மைல் ஓடும் ரயிலை இழுப்பவை உண்மையான நீராவி இன்ஜின்கள். 1916-க்கும் 1928-க்கும் இடையில் பால்ட்வின் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, மெக்சிகோவின் யூக்கட்டான் பகுதியில் ஓடிக்கொண்டிருந்தவற்றை வாங்கிவந்து புதுப்பித்தார்கள். கரி இன்ஜின் காலத்தில் விடுமுறைக்கு ஊருக்குப் போன தலைமுறையைச் சேர்ந்த தாத்தா அந்த வண்டியில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சொல்லும் கதைக்கு, டிஸ்னி தயாரித்த எந்தக் காட்சியும் ஈடாகாது. அந்த இருவரையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒருவரை இன்னொருவருக்குக் காவல் போடுங்கள் என்கிறார் நம் கட்டுரையாளர்.

டிவி யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. அதே ஆவணம் அந்த வயதில் நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாடச் சொல்கிறது. வெளியே கூட்டிப்போவதற்கு மாற்றாகத் திரையைப் பரிந்துரைப்பவர் குழந்தை வளர்ப்பில் அறிவுரை சொல்லும் தகுதியை அந்த ஒரு வரியிலேயே இழந்துவிட்டார்.

பணம் பற்றி அவர் நேர்மையாகப் பேசியிருக்கலாம். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம். ஆனால் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல் ஆகும். தங்குமிடமும் சாப்பாடும் தனி. கிரெடிட் கார்டில் கடன் ஏற்றிப் போக வேண்டிய இடம் அல்ல அது. கடன்பட்டுப் போகாதீர்கள் என்று அவர் எழுதியிருந்தால் நான் மறுத்து ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். அவரோ, பணம் இருந்தாலும் குழந்தைக்காகச் செலவழிக்காதே என்கிறார்.

டிஸ்னியில் குழந்தைகள் வதைபடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. வதைபடுகிறார்கள். ஜூலை வெயிலில், வாசல் திறந்ததிலிருந்து இரவு வாணவேடிக்கை வரை, மதியத் தூக்கம் இல்லாமல் பெற்றோர் அவர்களைத் தள்ளுவண்டியில் கட்டிப்போட்டு இழுத்துத் திரிகிறார்கள். ஆளுயர மிக்கியைப் பார்த்துப் பயந்து அலறும் குழந்தையைப் படத்துக்காக அதன் கையில் திணிக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் காரணம் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பெரியவர்களின் அவசரம். ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அதற்கேற்ப நாளை அமைத்துக்கொள்வது பெற்றோர் கையில்தான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாதீர்கள். அப்போது வெயிலும் பிற்பகல் இடிமழையும் சேர்ந்து படுத்தும். விடுமுறைக் கூட்டம் வடிந்த ஜனவரி பிற்பகுதியில் போங்கள். காலையில் மூன்று நான்கு ராட்டினம் போதும். மதியம் அறைக்குத் திரும்பித் தூங்க வையுங்கள். மணிக்கு ஒருமுறையாவது வண்டியிலிருந்து இறக்கி ஓடவிடுங்கள். மிக்கியைத் தூரத்தில் இருந்து காட்டுங்கள். குழந்தை கையசைத்தால் பிறகு கிட்டே போகலாம். இதை எழுதியிருந்தால் கட்டுரையாளர் நூறு குடும்பங்களுக்கு உதவியிருப்பார். பெரியவர்கள் போடும் திட்டத்தின் தவறுக்கு, குழந்தையை வீட்டோடு நிறுத்தித் தண்டனை கொடுத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. கைக்குழந்தையோடு விடுமுறைக்குக் கிளம்பும் தாய்மார்களைச் சுயநலக்காரிகள் என்று அவர் சொல்லியிருக்கிறார். தகப்பன்மார்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. உறவும் ஊரும் துணைக்கு இல்லாத நாட்டில் பிள்ளை பெற்று, சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்பி, இரவில் பால் கொடுத்து, பகலில் மீட்டிங்கில் உட்கார்ந்து, வருடத்தில் நான்கு நாட்களைத் தன் குழந்தையோடு கழிக்க நினைக்கும் பெண்ணுக்கு அவர் கொடுத்த பெயர் அது. அவருடைய மற்ற வாதங்களுக்குப் பதில் சொல்லிவிட்டேன். இந்தச் சொல்லுக்குப் பதில் இல்லை. அடுத்த இதழில் அவர் இதைத் திரும்பப் பெற்று, அந்தத் தாய்மார்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.