ஹோர்ன் அடிக்கவில்லை என்றால் ஹோர்னை மாற்றாதீர்கள்

பழைய கார் ஒன்றின் ஹோர்ன் ஊமையாகிப் போனால் நமது பக்கத்துக் கராஜ்களில் நடப்பது அனேகமாக ஒன்றுதான். புது ஹோர்ன் வாங்கிப் பூட்டுவார்கள். அதுவும் அடிக்காவிட்டால் பெட்டரியிலிருந்து நேரே ஒரு வயரை இழுத்து, டேஷ்போர்ட்டுக்குக் கீழே வீட்டு காலிங் பெல் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி விடுவார்கள். ஹோர்ன் அடிக்கும். காசும் கைமாறிவிடும். பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதைத் திருத்தம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. விளக்கமாகச் சொல்கிறோம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஒரு ஹாஜியாரிடம் ட்ரையம்ப் ஸ்பிட்பயர் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட, இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். கடுகண்ணாவை வளைவில் பக்கத்தில் வரும் பஸ் டிரைவரின் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தாழ்ந்தது. அப்படியான வாகனத்துக்கு ஹோர்ன் அலங்காரம் அல்ல, உயிர்க்காப்பு. அதுதான் அடிக்கவில்லை. கராஜ் ஒன்றில் விட்டார். மேலே சொன்ன இரண்டு வைத்தியமும் நடந்தது. வளைவில் பஸ் வரும்போது மனிதர் ஸ்டியரிங்கைப் பிடிப்பாரா, டேஷ்போர்ட்டுக்குக் கீழே பெல் சுவிட்சைத் தடவுவாரா?

இந்தக் காரில் ஹோர்ன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பழுது எங்கே இருக்கும் என்பதும் பாதி தெரிந்துவிடும். அக்காலத்து பிரிட்டிஷ் கார்களின் மின்சாமான்கள் பெரும்பாலும் லூக்காஸ் கம்பெனியுடையவை. அவர்களது வயர் நிறங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பியூஸ் வழியாக எந்நேரமும் மின் இருக்கும் வயர் ஊதா நிறம். அது நேரே ஹோர்னுக்குப் போகும். ஹோர்னிலிருந்து ஊதாவில் கறுப்புக் கோடு போட்ட வயர் ஸ்டியரிங்குக்கு வரும். அதாவது ஹோர்னுக்கு மின் எப்போதும் தயார். ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கும் பட்டனை அழுத்தும்போது நாம் கொடுப்பது ஏர்த் மட்டும்.

அந்த ஏர்த் போகும் வழிதான் சுவாரசியமானது. பட்டனிலிருந்து ஸ்டியரிங் தண்டுக்கு, தண்டிலிருந்து கீழே ஸ்டியரிங் ரெக்குக்கு, அங்கிருந்து சேஸிக்கு. ஆனால் தண்டுக்கும் ரெக்குக்கும் நடுவில் அதிர்வைக் குறைக்க ஒரு ரப்பர் இணைப்பு இருக்கிறது. ரெக்கும் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின் பாயாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அந்த ரப்பர்களைத் தாண்டிப் போக கையளவு நீளத்தில் சின்ன ஏர்த் வயர்கள் வைத்திருப்பார்கள். ரப்பர் பழுதாகி புதியது போடும்போது அந்த வயரைத் திருப்பிப் போட மறந்தால் ஹோர்ன் போச்சு. ஹாஜியாரின் காரில் நடந்ததும் அதுவே. ஸ்டியரிங் வேலை செய்தவருக்கு ஹோர்ன் நினைவில்லை. ஹோர்ன் வேலை செய்தவர் ஸ்டியரிங் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரு துண்டு வயர்தான் பழுது!

இதைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதும். ஹோர்னைக் கழற்றி, பெட்டரியிலிருந்து இரண்டு வயர் கொடுத்துப் பாருங்கள். அடித்தால் ஹோர்ன் நல்லது, கடைக்குப் போக வேண்டாம். (சாதாரண மின்காந்த ஹோர்னுக்கு நேர், மறை எந்தப் பக்கம் என்பது பிரச்சினையே இல்லை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த இத்தகைய கார்கள் பலவற்றில் நேர்முனைதான் ஏர்த் என்பதால் இதைச் சொல்கிறோம்.) பிறகு ஊதா வயரில் டெஸ்ட் பல்பு பிடியுங்கள். எரிந்தால் பியூஸ் சரி. பிறகு ஹோர்னைப் பூட்டி, கறுப்புக் கோட்டு வயரின் முனையை பொடியில் தொடுங்கள். அடித்தால் பழுது ஸ்டியரிங் பக்கம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் விட்டு விட்டு அடித்தால், தண்டின் உச்சியில் உரசும் சின்னத் தொடுப்பு அழுக்காகி இருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். ஸ்டியரிங்கில் எயார்பேக் உள்ள கார்களை மட்டும் இப்படித் திறக்காதீர்கள், அது வேறு விஷயம்.

டெஸ்ட் பல்பு என்று சொன்னோம், மீட்டர் என்று சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. துருப்பிடித்த இணைப்பிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின் மிக மிகக் குறைவு. ஹோர்ன் அப்படியல்ல. கணக்குக்கு ஒரு ஹோர்ன் 4 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 12ஐ 4ஆல் பிரித்தால் அதன் தடை 3 ஓம். வழியில் துருவால் 1 ஓம் சேர்ந்தால் மொத்தம் 4 ஓம், மின்னோட்டம் 3 அம்பியர், ஹோர்னுக்குக் கிடைப்பது 9 வோல்ட். சளிபிடித்த காகம் மாதிரி கரையும். புது ஹோர்ன் போட்டாலும் அப்படித்தான் கரையும்.

இந்தக் கணக்கை எங்கள் சாதாரண தரப் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் அழகாகச் செய்வார்கள். அதே பிள்ளை கராஜில் வேலை பழகப் போனால் முதலில் கற்றுக்கொள்வது வயரை வெட்டுவதற்கு. எங்களுக்கு வலிப்பது இதுதான். ஓமின் விதி வகுப்பறையோடு நின்றுவிடுகிறது, கராஜ் அதை அறியாமலே ஓடுகிறது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது, நல்ல விஷயம். ஆனால் சாதாரண தரத்தோடு நின்று கராஜுக்குப் போகும் பொடியனின் கையில் ஒரு டெஸ்ட் பல்பைக் கொடுத்தது யார்?

பாஸ்மார் மேல் பழி போட இதை எழுதவில்லை. பழுது தேடும் அரை மணித்தியாலத்துக்குக் கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். "ஒண்ணும் மாத்தல்லயே, எதுக்குக் காசு?" என்று கேட்கிறோம். சாமான் மாற்றினால்தான் காசு தருவோம் என்றால் அவர் சாமானைத்தானே மாற்றுவார்?

நேர் வயர் இழுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலும் அதில் பியூஸ் இருக்காது. தகட்டு விளிம்பில் உரசி உறை தேய்ந்தால் சாவி கழற்றி நிறுத்திய காரும் தீப்பிடிக்கலாம். சிலர் ஒருபடி மேலே போய் பஸ்களின் எயார் ஹோர்னைப் பூட்டுகிறார்கள். பழைய வயருக்கு அந்தச் சுமை தாங்காது, பியூஸ் போகும், பியூஸில் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுவார்கள். பக்கத்தில் போகும் பிள்ளைகளின் காது பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. இந்த ஐந்து வருடமும் நாட்டை ஓட்டியவை பழைய வாகனங்கள். இனியும் பலருக்கு அவைதான். பழுது தேடத் தெரிந்த கைகள் நமக்கு நிறையத் தேவை.

ஆகவே ஒரு வேண்டுகோள். கழற்றிப் போட்ட பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்புகள் எரியும் நிலையில் இருந்தால் வீசாதீர்கள். 21 வோட் பல்பு ஒன்று, இரண்டு முழ வயர், ஒரு கிளிப். டெஸ்ட் பல்பு தயார். உங்கள் பகுதி விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுத்து விடுங்கள். ஊதிப்போன பழைய ஹோர்ன் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள், திறந்து பார்க்க.