மாற வேண்டியது வார்டின் அன்றாடம்

தீவிர மனநோயோடு வாழ்பவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள். தற்கொலைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். மாரடைப்பு உள்ளிட்ட உடல்நோய்கள் பறிக்கும் உயிர்களே அதிகம்.

இவர்களுக்குத் தரப்படும் ஒலான்சபின், க்ளோசபின் போன்ற மருந்துகள் அடங்காப் பசியைக் கிளப்பும். சில வாரங்களிலேயே எடை ஏறும். சர்க்கரையும் கொழுப்பும் கூடும். மனதை நிலைநிறுத்தும் மருந்து என்பதால் சட்டென்று நிறுத்தவும் முடியாது. மாத்திரை தூண்டிய பசிக்கு வார்டில் கிடைப்பதோ தட்டு நிறையச் சோறும், சொந்தக்காரர்கள் வாங்கிவரும் பிஸ்கட்டும். அப்புறம் கட்டில்தான். இந்த நிலையில் இருப்பவரிடம் 'உடம்பைக் குறையுங்கள்' என்பது அநியாயம்.

அறிவுரையின் எல்லையை டென்மார்க் பார்த்துவிட்டது. ஸ்கிசோஃப்ரினியா உள்ள, வயிற்றுப் பருமன் கொண்ட 428 வெளிநோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்ள ஓராண்டு தனிப்பயிற்சி தரப்பட்டது. 2016இல் வெளியான முடிவு: இதய நோய் ஆபத்து குறையவில்லை. நெதர்லாந்தில் நெடுநாள் உள்நோயாளிகளின் வார்டுகளில் வேறு வழியில் போனார்கள். எழும் நேரம், சாப்பாடு, நடை, வேலை என்று அன்றாடத்தையே மாற்றினார்கள். செவிலியர்களும் கூடவே இறங்கினார்கள். ஒன்றரை ஆண்டில் நடமாட்டம் கூடியது, எடையும் இடுப்பளவும் குறைந்தன. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வல்ல என்பதால் இதை இறுதிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனாலும் எனக்கு இந்த வழியே சரியாகப் படுகிறது. உள்நோயாளியின் உணவையும் நடமாட்டத்தையும் தீர்மானிப்பது வார்டுதானே?

புகை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நோயாளி சொன்னபடி கேட்டால் ஒரு பீடி என்ற பழக்கம் எங்கிருந்தாலும் ஒழிய வேண்டும். ஆனால், பீடிப் புகை க்ளோசபினை உடல் வேகமாகக் கழிக்கச் செய்கிறது. திடீரென்று புகையை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தளவு எகிறி, மயக்கமும் வலிப்பும்கூட வரலாம். தடை போடும் அன்றே மருந்தளவையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சத்தான உணவையும் உடல்நோயாளிக்கு நிகரான சிகிச்சையையும் உரிமையாக்கியிருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப்போய் ரத்த அழுத்தம் பார்க்கிறது தமிழக அரசு. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் அதே அரசின் பொறுப்பு. அங்கும் மாவட்ட மனநல வார்டுகளிலும் இடுப்பளவு, எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் நான்கையும் மாதந்தோறும் கேஸ் ஷீட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்கட்டும். உணவியல் நிபுணரையும் உடற்பயிற்சியாளரையும் வார்டுப் பணியாளர்களாகவே நியமிக்கட்டும்.